"அபராதம் கட்டியாச்சே... லைசென்சு ஏன் கட்?" நோட்டீசு வந்தால் பழவேற்காடு டிரைவர்கள் செய்ய வேண்டியது என்ன?

பழவேற்காடு,

பொழுது விடிவதற்குள் ஏரிக்கரையில் வியாபாரம் களைகட்டிவிடும். இறால், நண்டு, மடவை என்று ஏரியில் பிடித்ததும், கடலில் இருந்து வந்ததும் ஐஸ் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து பொன்னேரி வழியாக சென்னை மார்க்கெட்டுக்கு ஓட்டம். மீனை ஏற்றிப்போவது பெரும்பாலும் 'குட்டி யானை' என்று சொல்லப்படும் சிறிய சரக்கு வண்டிகள்தான். ஒரு மணி நேரம் தாமதமானால் ஐஸ் கரையும், விலை இறங்கும்.

கூனங்குப்பம், கோரைகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் அண்ணன் வலை வீச, தம்பி வண்டி ஓட்டுவது சகஜம். அந்தத் தம்பியின் லைசென்சு 3 மாதம் நிறுத்தி வைக்கப்பட்டால் அவருடைய கூலி மட்டும் போவதில்லை. வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை நிற்கும். அவரை நம்பி மீன் கொடுக்கும் நாலு குடும்பமும் வேறு வண்டி தேடி அலைய வேண்டும்.

"பாயிண்ட்டு ஏறிப்போச்சு, லைசென்சை கட் பண்ணிடுவாங்களாம்" என்று டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. இதில் பாதி உண்மை, பாதி வதந்தி.

பாயிண்ட்டு உண்டா, இல்லையா?

சிங்கப்பூரில் பாயிண்ட்டு முறை இருக்கிறது. அங்கே 24 மாதத்துக்குள் 24 பாயிண்ட்டு சேர்ந்தால் லைசென்சு நிறுத்தி வைக்கப்படும். அங்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நம் நாட்டில் தெலுங்கானாவில் 2017 ஆகஸ்டு 1-ந்தேதி இதுபோல ஒரு முறையைத் தொடங்கினார்கள். 2 வருடத்துக்குள் 12 பாயிண்ட்டு சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு லைசென்சு கிடையாது என்பது அந்தக் கணக்கு.

தமிழ்நாட்டில் அப்படி எண்ணிக்கை போடும் பாயிண்ட்டு அட்டை எதுவும் இல்லை. ஆனால் "அப்போ பயமில்லை" என்று காலை நீட்டிவிடக் கூடாது. 2026 ஜனவரியில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி ஒரு வருடத்துக்குள் 5 அல்லது அதற்கு மேல் விதிமீறல் செய்தால், அதுவே லைசென்சை நிறுத்தி வைக்க ஒரு காரணமாகலாம். முந்தைய வருடத்து விதிமீறலை அடுத்த வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டிரைவரை விசாரிக்காமல் உத்தரவு போடவும் கூடாது.

5 வரை காத்திருக்காமல் ஒரே ஒரு தடவையிலேயே லைசென்சு போகும் குற்றங்களும் இருக்கின்றன. அதிவேகம், சிக்னலை மதிக்காமல் போவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. மோட்டார் சைக்கிளில் 3 பேர் போவதும், ஹெல்மெட் போடாததும் கூட 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி ரூ.1,000 அபராதத்தோடு 3 மாத லைசென்சு தடைக்கு உரிய குற்றங்கள். மீன் இறங்கும் இடத்துக்கு மூன்று பேராக ஒரே வண்டியில் பறக்கும் இளவட்டங்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

கூடைக்காரப் பெண்களும் சரக்கு வண்டியும்

பழவேற்காடு பக்கத்து டிரைவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது, கூலிக்கு ஏற்றினாலும் சும்மா ஏற்றினாலும், மத்திய மோட்டார் வாகன விதி 21-ன்படி லைசென்சுக்கு ஆபத்தான செயல். "நம்ம ஊரு அக்காதானே, கூடையோட பின்னாடி உட்காரட்டும்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

நாட்டில் சாலை விபத்து சாவுகளைக் குறைக்க வேண்டும் என்று கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2014-ல் சாலைப் பாதுகாப்பு குழுவை கோர்ட்டு அமைத்தது. 2015 ஆகஸ்டில் அந்தக் குழு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கண்டிப்பான அறிவுறுத்தல் கொடுத்தது. அதிவேகம், சிக்னல் மீறல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடிபோதை, செல்போன் ஆகிய 6 குற்றங்களுக்கு குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது அது. 'கிடுக்கிப்பிடி' அப்போதிருந்துதான்.

பெண்கள் ஏன் சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மீன் கூடையோடு பஸ்சில் ஏறினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்ற மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்சில் இருந்து இறக்கிவிட்டதும், முதல்-அமைச்சரே அதைக் கண்டித்ததும் நினைவிருக்கலாம். பஸ்சில் மரியாதை இல்லை, லோடு வண்டியில் சட்டம் இல்லை. நடுவில் மாட்டுவது டிரைவர்தான்.

ஆனாலும் திறந்த வண்டி கவிழ்ந்தால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பிடிமானம் கிடையாது. சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கூடைகளை மட்டும் வண்டியில் ஏற்றி, பெண்களை பஸ்சிலோ ஷேர் ஆட்டோவிலோ அனுப்புவது டிரைவருக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

போலீசாருக்கு எவ்வளவு அதிகாரம்?

ரோட்டில் போலீசார் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டாலே "என் லைசென்சு போச்சு" என்று பலர் தலையில் கை வைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. குறிப்பிட்ட குற்றங்களுக்கு லைசென்சைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பி வைக்கத்தான் போலீசாருக்கு அதிகாரம். அதை நிறுத்தி வைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வது லைசென்சு அதிகாரி. 2022-ல் கொல்கத்தா ஐகோர்ட்டும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

லைசென்சை வாங்கும் அதிகாரி அதற்கு ஒரு தற்காலிக ரசீது தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகன சட்டம் 206-வது பிரிவு. அந்த ரசீதில் குறிப்பிட்ட தேதி வரை, அல்லது லைசென்சு திரும்பி வரும் வரை, அதை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டலாம். சண்டை போட வேண்டாம். "சார், ரசீது கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் போதும். ரசீது இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு நிரூபிக்க எதுவும் கையில் இருக்காது.

"பணம் கட்டிட்டேனே!"

ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 200-வது பிரிவில் ஒரு வரி சேர்ந்துவிட்டது. அபராதம் கட்டி சமரசம் செய்துகொண்டாலும், லைசென்சு மீதான நடவடிக்கையில் இருந்து தப்ப முடியாது என்பதுதான் அது. பணம் வேறு, லைசென்சு வேறு.

அதனால் செய்யாத குற்றத்துக்கு சலான் வந்தால் "ஐந்நூறோ ஆயிரமோ, தொலையட்டும்" என்று கட்டிவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு.

கேமரா சலான் வண்டி நம்பரைப் பார்த்து வருவது. ஓட்டியவர் ஒருவர், சலான் போவது ஓனர் பெயருக்கு. ஒரே வண்டியை 3 பேர் மாற்றி மாற்றி ஓட்டும் ஊரில் இது பெரிய தலைவலி. எந்த நாளில் யார் ஓட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது ஓனருக்கும் பாதுகாப்பு, டிரைவருக்கும் பாதுகாப்பு. செல்போன் நம்பரை மாற்றியவர்கள் வண்டி ஆவணத்திலும் லைசென்சிலும் புது நம்பரைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் சலான் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் நோட்டீசு வரும்போதுதான் 'ஷாக்' அடிக்கும்.

நோட்டீசு தீர்ப்பு அல்ல

ஆர்.டி.ஓ.விடம் இருந்து வரும் முதல் கடிதம் பெரும்பாலும் விளக்கம் கேட்கும் நோட்டீசுதான். "உங்கள் லைசென்சை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது?" என்று கேட்டிருப்பார்கள். இதைப் படித்ததும் எல்லாம் முடிந்தது என்று கடிதத்தை மடித்துப் பையில் வைப்பவர்கள்தான் அதிகம். வழக்கு தோற்பது இந்த இடத்தில்தான்.

சட்டம் 19-வது பிரிவு சொல்வது என்ன? டிரைவர் தரப்பைக் கேட்க வேண்டும். கேட்டபின் அதிகாரி அவரை விட்டும் விடலாம், அல்லது காரணத்தை எழுத்தில் பதிவு செய்து லைசென்சை நிறுத்தியும் வைக்கலாம். அதாவது 'விடுவிப்பு' என்ற வாசல் சட்டத்திலேயே திறந்திருக்கிறது. போய் நின்று பேசாதவருக்கு அந்த வாசல் எதற்கு?

போலீசார் அனுப்பி வைத்த குற்றம் என்றால் முதல் தடவைக்கு 3 மாதம். இரண்டாவது தடவை என்றால் லைசென்சே ரத்து. ஆகவே முதல் நோட்டீசை அலட்சியம் செய்தால், அடுத்த தடவை விழும் அடி பெரியது.

பதில் கடிதம் தமிழிலேயே, ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் நோட்டீசு இன்ன தேதியில் கிடைத்தது. அதில் சொல்லப்பட்ட நாளில் வண்டியை நான் ஓட்டவில்லை (அல்லது: நடந்தது இதுதான்). இதற்கு ஆதாரமாக இன்னின்ன நகல்களை இணைத்துள்ளேன். இதற்கு முன் என் மீது இதுபோன்ற நடவடிக்கை எதுவும் இல்லை. வண்டி ஓட்டுவதே என் குடும்பத்தின் ஒரே வருமானம். என்னை நேரில் விசாரித்து, நடவடிக்கையைக் கைவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

பொய் எழுதக் கூடாது. செய்திருந்தால் செய்ததை ஒப்புக்கொண்டு, முதல் தடவை என்பதையும் பிழைப்பையும் சொல்லிக் கேட்பதே மேல். கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்க வேண்டும். தபால் என்றால் ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்ப வேண்டும். பொன்னேரி பக்கத்து வண்டிகளில் 'டி.என். 18' என்று இருப்பது செங்குன்றம் ஆர்.டி.ஓ.வின் எண். ஆனால் நோட்டீசு எந்த அலுவலகத்தில் இருந்து வந்திருக்கிறதோ அங்கேதான் பதில் கொடுக்க வேண்டும்.

விபத்து வழக்கு என்றால்...

விபத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டு போலீசார் வழக்கு பதிந்தால், அதை வைத்தே லைசென்சை நிறுத்துவது உண்டு. திண்டுக்கல் ஆர்.டி.ஓ. பிறப்பித்த அப்படிப்பட்ட உத்தரவு ஒன்று மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு வந்தது. வழக்கு பதிவானது என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சை நிறுத்துவது சரியல்ல என்று கோர்ட்டு சொன்னது. அதன்பின் பல டிரைவர்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடியிருக்கிறார்கள். எல்லா வழக்கிலும் அதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வக்கீலிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

30 நாள் கெடு

விசாரணைக்குப் பிறகும் உத்தரவு எதிராக வந்துவிட்டால், அது கைக்குக் கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் செய்வது என்பதை உத்தரவிலேயே பார்க்கலாம், இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்கலாம். உறையை வீசிவிடக் கூடாது. எந்தத் தேதியில் தபால் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

தன்னை விசாரிக்கவே இல்லை, உத்தரவில் காரணம் எதுவும் எழுதவில்லை, ஓட்டியது தான் அல்ல என்ற மூன்றில் எது பொருந்துகிறதோ அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கூடவே, மேல்முறையீடு முடியும் வரை உத்தரவை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். மனு போட்டதாலேயே வண்டி ஓட்டலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தால் விவரம் கிடைக்கும். புரோக்கரிடம் கொடுக்கும் பணம் திரும்பி வராது.

தடைக் காலத்தில் ஓட்டினால்?

"விடியக்காலைல யாரு பார்க்கப் போறாங்க" என்று ஓட்டுபவர்கள் உண்டு. பிடிபட்டால் 182-வது பிரிவின்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் 180-வது பிரிவில் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5,000 அபராதம் உண்டு. அந்த நேரத்தில் விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்சு கம்பெனி கையை விரிக்கும். அடிபட்டவருக்குக் கொடுக்கும்படி கோர்ட்டு சொன்னாலும், அந்தத் தொகையை ஓனரிடமே திருப்பி வசூலிக்க அது வழக்கு நடத்தும். படகு, வலை, வீடு எல்லாம் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரும்.

தடைக் காலம் முடிந்ததும் லைசென்சு தானாக வீட்டுக்கு வந்துவிடாது. புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. 3 மாதம் முடியும் வரை காத்திருக்காமல், பயிற்சி எங்கே, எப்போது என்பதை முதல் வாரத்திலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து முடித்துவிட்டால், தடை முடிந்த மறுநாளே லைசென்சைக் கையில் வாங்கிக்கொண்டு லோடு ஏற்றப் போகலாம்.