மறதி நோயும் மாணவர் துணையும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதன் பரவலான வகையான அல்சைமரில் தொடக்கத்திலேயே அடிபடுபவற்றுள் ஒன்று, புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். இளமையில் பழகிய கைவேலை நெடுநாள் தங்கும். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, பலகையால் உப்பு வாரிய முதியவருக்குப் பேரன் பெயர் நழுவலாம். பலகைக் கழியைக் கொடுத்தால் கை தானாகப் பிடிக்கும். துணைக்கு வரும் கல்லூரி மாணவர் பேச்சைத் தொடங்க ஏற்ற இடம் இந்தப் பழைய கைவேலைதான்.

"ஞாபகம் இருக்கா தாத்தா?" என்று சோதித்தால் பதற்றமே கூடும். "விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போயிடுவீங்களாமே?" என்றால் கதை வரும். அதே கதை ஐந்தாம் முறை வந்தாலும் புதிதுபோலக் கேட்க வேண்டும்; சொல்வது சுலபம், செய்வது கடினம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் வாரம் 2 மணி நேரத்தை இந்தத் துணைக்கு ஒதுக்கினாலே, வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ நிம்மதியாகக் கடைக்குப் போய்வர முடியும். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.