செம்மலரூரில் ஒரு பகல்

வெள்ளவத்தையில் வாழும் நம்மவர் பலருக்கு இரத்மலானை கடந்து செல்லும் ஊரேயாம். கரையோரப் புகைவண்டியில் தெகிவளையும் கல்கிசையும் நீங்கினால் அடுத்து வருவது அதுவே. எனினும், ஊர் காணும் நோக்குடன் அங்கு இறங்குவார் அரியர். அண்மையில் ஒரு சனிக்கிழமை, மாணாக்கர் எண்மரை உடன்கொண்டு அவ்வூரைக் காணவே புறப்பட்டேன்.

ஊர்ப்பெயரே முதற்பாடமாயிற்று. சிங்களத்தில் ‘ரத்’ என்பது செம்மை. ‘மல்’ என்பது மலர். வெட்சியையும் ‘ரத்மல்’ என்றே அவர்கள் வழங்குவர். தொல்காப்பியர் புறத்திணையுள் முதற்கண் வைத்த திணைக்குப் பெயர் தந்த மலர் அது. ஆநிரை கவர்ந்து போர் தொடங்குவோர் சூடுவது. முருகனுக்கு உகந்த மலரும் அதுவே. “போருக்கும் பூசைக்கும் ஒரே பூவா, ஐயா?” என்று வியந்தான் ஒருவன்.

புகைவண்டித் தொழிற்சாலையைப் புறத்தே நின்று கண்டோம். காலி வீதியில், செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த சிறார்க்கென மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பாடசாலையை நோக்கி நின்றோம். விரலாற் பயிலும் அச்சிறாரை எண்ணுங்கால், கண்ணிருந்தும் ஏடு புரட்டாத நம் சோம்பல் நாணத் தந்தது.

அடுத்து விமானத்தளம். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதல் விமானம் இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் பெயர் ‘சீதா தேவி’. சீதை இலங்கையினின்று மீண்டும் வான்வழி ஏகினாள் என்றேன், மாணாக்கர் நகைத்தனர்.

விமானப்படை அரும்பொருட்காட்சிச் சாலையின் கொட்டகைக்குள் அவர்கள் பழைய விமானங்களைச் சுற்றி வர, யான் வாயிலிலேயே நின்றுவிட்டேன். காரணம் வினவினர். இருபதாண்டுகளுக்கு மேலாக வகுப்பிற் கூறாததை அன்று கூறினேன்.

1983 ஜூலையில், பதின்மூன்று வயதினனாய், இத்தளத்தின் விமானக் கொட்டகையொன்றில் ஏதிலியாய் இருந்தேன். வீட்டினின்று ஓடி வந்தபோது அன்னையார் எடுத்து வந்தது என் புத்தகப் பை ஒன்றே. சீமெந்துத் தரையிலிருந்து ‘இலக்கணச் சுருக்கம்’ படிக்குமாறு பணித்தார். பின்னர்க் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றோம்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின் ஒரு மாணவி, “அன்று எப்பகுதியைப் படித்தீர்கள், ஐயா?” என்றாள்.

“புணர்ச்சி விதி, அம்மா. இரு சொற்கள் சேருமிடத்து எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்பது.”

மாலையில் திருநந்தீஸ்வரம் சென்றோம். வழியில் பூ விற்ற சிங்கள மூதாட்டியிடம் செம்பூவொன்றைச் சுட்டிப் பெயர் கேட்டாள் அம்மாணவி. “ரத்மல்” என்றார் அவர். “வெட்சி” என்றாள் இவள். மூதாட்டி அச்சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் வண்டியில் அவள் என்னிடம் கூறினாள்: “இயல்பாய்ப் புணர்வதும் உண்டல்லவா, ஐயா?”

உண்டு. விதியில் அதுவும் இருக்கிறது.