பீங்கான் முகம், பேசும் கை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மங்கலம்பேட்டை. விருத்தாசலம் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று பீங்கான். அங்கே பொம்மை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து கெட்டிப்படும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம், வெளியே ஒரு சிரித்த முகம். உலர்த்தி, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட்டெடுத்த பிறகு அந்தச் சிரிப்பு மாறவே மாறாது. கீழே விழுந்தாலும் சிரித்தபடியேதான் உடையும்.

சீட்டாடுகிறவர்கள் ஏங்குவது இப்படி ஒரு முகத்துக்குத்தான்.

உலகெங்கும் ஆடப்படும் போக்கர், நம்மூர் மூணு சீட்டுக்குத் தூரத்து உறவு. உங்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதைவிட, என்ன இருப்பதாக எதிராளி நம்புகிறார் என்பதே அதில் பெரிது. ஒன்றுமில்லாத கையோடு பந்தயத்தை ஏற்றி, நல்ல சீட்டு வைத்திருப்பவரைக் கீழே போட வைத்துவிடலாம். இதை 'பிளஃப்' என்கிறார்கள். அது ஒரு பொய்தான். அந்தப் பொய் தவறா? எதிராளியைச் சீண்டி, கேலி செய்து, நிலைகுலைய வைத்து ஜெயிப்பதும் அதே வகைப் பொய்தானா? அறிவியல் இந்த இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. நான் இன்னொரு 100 போடுகிறேன். என் சீட்டைப் பார்க்க வேண்டுமானால் நீங்களும் 100 போட வேண்டும். ஜெயித்தால் நடுவில் கிடக்கும் 200 உங்களுக்கு லாபம், தோற்றால் 100 நஷ்டம். நல்ல சீட்டு வந்தால் மட்டுமே நான் பணம் போடுகிற ஆள் என்று தெரிந்துவிட்டால், நான் போடும்போதெல்லாம் நீங்கள் விலகிவிடுவீர்கள். நான் எப்போதும் வெறுங்கையோடு போடுகிற ஆள் என்றால், விடாமல் பார்த்துவிடுவீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. மூன்று முறை பணம் போட்டால் அதில் ஒரு முறை மட்டும் பொய்யாகப் போட வேண்டும். அப்போது நீங்கள் பார்த்தாலும் விலகினாலும், சராசரியில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றேதான். என்னை முந்த உங்களுக்கு வழியே இல்லை.

ஆட்டங்களுக்குள் இப்படி ஒரு சமநிலை உண்டு என்று 1928-இல் நிறுவியவர் ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன். பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-இல் அவர் வெளியிட்ட நூலில் போக்கருக்கென்றே தனியாக ஓர் ஆய்வு உண்டு. அந்தக் கணக்கின்படி பிளஃப் கெட்ட புத்தியிலிருந்து வருவதல்ல, ஆட்டத்தின் அமைப்பிலிருந்தே வருவது.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்ற கணினி நிரல், 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வருடன் மோதியது. 20 நாள், 1,20,000 ஆட்டம். நால்வரையும் அது வென்றது. அதற்கு முகம் கிடையாது, யாரையும் சீண்ட வாயும் கிடையாது. ஆனாலும் அது பிளஃப் செய்தது, கச்சிதமாகவும் செய்தது. ஆகவே சீட்டைப் பற்றிய பொய், மனிதனை நோகடிக்காமலே சொல்லக்கூடிய பொய்.

சரி, எதிராளியை உற்றுப் பார்த்து எடை போடுவது? அதுவும் நியாயமான திறமைதான். அதில் ஓர் அதிசயமும் உண்டு. மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2009 உலகப் போக்கர் தொடரின் காட்சிகளைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, யார் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று கணிக்கச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தேறவில்லை. பந்தயக் காசை நடுவே தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்கள் அதைவிட நன்றாகக் கணித்தார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தயங்காமல், வழுக்கிக்கொண்டு போகிறது. முகத்தைப் பீங்கானாக்கப் பழகியவர்கள் கையை மறந்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது ஆட்டம். இனி வருவது வேறு.

போக்கர் மேசையில் 'டில்ட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. தோல்வியிலோ கோபத்திலோ தலை சூடாகி, நிதானம் கெட்டு ஆடும் நிலை அது. அதன் வேரை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டினார்கள். 100 ரூபாய் வந்தால் வரும் மகிழ்ச்சியைவிட, 100 ரூபாய் போனால் வரும் வலி மனிதனுக்குப் பெரிது. அதனால் நஷ்டத்தில் இருக்கும்போது, விட்டதைப் பிடிக்கத் துணிந்து இறங்குகிறான். இது முட்டாள்தனம் அல்ல. நம் எல்லோருடைய மனமும் வேலை செய்கிற விதம். இதைத் தெரிந்துகொண்டு, தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. குடும்பத்தை இழுத்துப் பேசுபவர்கள் உண்டு. ஜெயித்த சீட்டை வேண்டுமென்றே இழுத்தடித்துக் காட்டுபவர்கள் உண்டு. இங்கே குறி சீட்டு அல்ல, மனிதன்.

ஆட்டத்தைக் குறிவைப்பதும் மனிதனைக் குறிவைப்பதும் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்து நடந்த கதை ஒன்று தமிழர்களுக்குத் தெரிந்ததே. 1995 செப்டம்பர், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடி. மயிலாடுதுறையில் பிறந்த 25 வயது விசுவநாதன் ஆனந்த், காரி கஸ்பரோவுடன் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு மோதினார். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் வென்றார். பத்தாவதில் கஸ்பரோவ், வீட்டிலேயே ஆராய்ந்து வைத்திருந்த வரிசையை மளமளவென்று ஆடி, யானையைப் பலி கொடுத்தார். ஆனந்த் யோசிக்க வேண்டிய நேரத்தில் கஸ்பரோவ் மேடையை விட்டு எழுந்து, கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். அதுவும் ஒருமுறையோடு நிற்கவில்லை. அந்த ஆட்டத்தை அவர் வென்றார். கடைசியில் 10½–7½ என்று பட்டத்தையும் தக்கவைத்தார்.

அந்த யானைப் பலியை இன்றைக்கும் சதுரங்க மாணவர்கள் வியந்து படிக்கிறார்கள். மறைத்து வைத்து, காத்திருந்து, திடீரென்று எடுத்து வீசிய அது, ஆட்டத்துக்குள் நடந்த தாக்குதல். கதவுச் சத்தத்தை யாரும் படிப்பதில்லை. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி 11.5 நேராகவே சொல்கிறது: எதிராளியின் கவனத்தை எந்த வகையிலும் சிதறடிக்கவோ, அவரை எரிச்சலூட்டவோ கூடாது. எதிராளியைத் தொந்தரவு செய்யும் இந்த ஆசை புதிதும் அல்ல. எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வை என்று ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இலேயே தன் நூலில் யோசனை சொல்லியிருக்கிறார்.

ஆக, கோடு எங்கே விழுகிறது? மேசையில் உட்கார்ந்த இருவரும், சீட்டைப் பற்றி ஒருவரையொருவர் ஏமாற்றலாம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். தன் மனத்தை உடைத்துப் போடலாம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு உங்கள் தந்திரத்தை அவரிடமே விளக்கிச் சொல்ல முடிந்தால், 'அட, ஏமாந்துட்டேனே' என்று அவரும் சிரித்தால், அது நியாயமான தந்திரம். சொல்லக் கூசினால் அது ஆட்டமல்ல.

சின்ன வயதில் ஊரில் திண்ணை ரம்மியை வேடிக்கை பார்த்திருக்கிறேன். காசு வைத்து ஆடுவதை அன்றும் சரியென்று நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் மறக்கவில்லை. தொடர்ந்து தோற்ற ஓர் இளைஞனின் கை, சீட்டை எடுக்கும்போது நடுங்கியது. எதிரில் இருந்த பெரியவர் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "தம்பி, இன்னிக்கு உனக்கு நிதானம் இல்ல. எழுந்து வீட்டுக்குப் போ" என்றார். இன்னும் நாலு ஆட்டம் ஆடியிருந்தால் அவனிடம் மிச்சமிருந்ததையும் அவர் ஜெயித்திருக்கலாம். அவர் அந்தக் கையைப் படித்தார், படித்ததை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை.

கைப்பேசிக்குள் வந்த ரம்மியில் அந்தப் பெரியவர் இல்லை. நடுங்கும் கையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. மயிரிழையில் தவறிய தோல்வி, மூளையில் வெற்றிக்கு எழும் அதே பகுதிகளைத் தூண்டி, மறுபடி ஆடும் ஆசையைக் கிளப்புகிறது என்று லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் காட்டினார்கள். இப்படிப்பட்ட மனத்தைப் பாதுகாக்கத்தான் தமிழ்நாட்டில் 2022-இல் இணைய ரம்மியை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சட்டமும் வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை இணையத்தில் காசு வைத்து ஆடத் தடை விதித்த தமிழக அரசின் விதியை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. தூக்கம் கெட்ட மனம் பலவீனமானது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் கதவைச் சாத்தலாம். மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதை நாம்தான் பழக வேண்டும். கேரமோ, சதுரங்கமோ, சும்மா ஆடும் சீட்டோ, எதிரில் இருப்பவர் பீங்கான் பொம்மை அல்ல. முகம் அசையாமல் இருக்கலாம், உள்ளே வெற்றிடம் இல்லை. அவர் கை நடுங்குவது உங்கள் கண்ணில் பட்டால், சீட்டைக் கவிழ்த்து வையுங்கள்.