கத்தரிக்காய் ஏன் கரையவில்லை?

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு உங்களுக்குப் பிடிக்கும் அல்லவா? அடுத்த முறை அது சோற்றில் விழுந்ததும் உடனே பிசைந்துவிடாதீர்கள். ஒரு காயை மட்டும் கூர்ந்து பாருங்கள். காம்போடு முழுதாக இருக்கிறது. விரலால் தொட்டாலோ வெண்ணெய் போல அமுங்குகிறது. இவ்வளவு மென்மையாக வெந்த காய், கொதிக்கும் குழம்பில் கிடந்தும் ஏன் கரைந்து கூழாகவில்லை?

விடை தேட ஓர் அடுப்படிக்குப் போவோம். புதுச்சேரிக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்துக்கும் நெல் வயல்களுக்கும் பெயர்பெற்ற பாகூர்க் கொம்யூனில் குருவிநத்தம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஒரு வீட்டில் அம்மா இந்தக் குழம்பை வைப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் பக்கத்தில் நின்று கேள்வி கேட்போம்.

அரிந்ததும் தண்ணீரில்

கால் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய். அம்மா காம்பை விட்டுவிட்டு, அடிப்புறமிருந்து நான்காகக் கீறுகிறார். கீறிய காய் உடனே தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போகிறது. ஏன்?

ஒரு துண்டை வெளியே வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் பழுப்பேறிவிடும். கத்தரியின் செல்களில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அதை மாற்றக்கூடிய நொதியும் அதே செல்லில் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு அறைகளில் குடியிருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச்சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. பழுப்பு நிறப் பொருள் உருவாகிறது. பூச்சி கடித்த இடத்தில் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

தண்ணீருக்குள் போட்டால் காற்று படுவது குறைகிறது. சிறிது மோர் கலந்த நீர் என்றால் இன்னும் நல்லது. புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். அரிந்த காய் கொஞ்சம் பழுப்பானதால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அதைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை.

தண்ணீரில் காய் மிதப்பதைக் கவனித்தீர்களா? காயின் எடையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீர்தான். ஆனாலும் செல்களுக்கு இடையே நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. கத்தரிக்காய் ஒரு பஞ்சு!

வறுப்பு முதலில்

அடுத்து மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம் எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வறுக்கிறார். அப்படியே அரைத்துக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் போதாதா?

போதாது. நீர் இருக்கும்வரை குழம்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும். வறுத்த மணம் வேகமாகப் பிறக்க 140 டிகிரி அளவுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்போதுதான் பருப்பிலும் விதையிலும் உள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து, நிறமும் மணமும் உள்ள பொருள்களாகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெயார் பெயரால் இது மெயார் வினை எனப்படுகிறது. தண்ணீர் சேருமுன் வறுக்க வேண்டிய காரணம் இதுதான்.

பஞ்சும் எண்ணெயும்

வறுத்து அரைத்த மசாலாவைக் காயின் கீறலுக்குள் அடைத்தாயிற்று. வாணலியில் நல்லெண்ணெய் காய்கிறது. கடுகு வெடிக்கிறது. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்துகொண்டு வரும் ஓசை அது. எண்ணெய் இங்கே வெறும் வழவழப்புக்காக அல்ல. மிளகாயின் உறைப்பு, மஞ்சளின் நிறம், மசாலாவின் பல மணப்பொருள்கள் நீரில் சரியாகக் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். அவற்றைக் குழம்பு முழுவதும் கொண்டுசேர்ப்பது எண்ணெய்தான்.

இப்போது காய்கள் எண்ணெய்க்குள் இறங்குகின்றன. உள்ளிருந்த காற்று சூட்டில் விரிந்து வெளியேறுகிறது. அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. காய் மேலும் வதங்கினால் செல்சுவர்கள் தளர்ந்து பஞ்சு அமுங்கும். குடித்த எண்ணெயில் ஒரு பகுதி திரும்ப வெளியே வரும். "எண்ணெய் போதவில்லையே" என்று அவசரப்பட்டு மேலும் ஊற்றாமல், தீயைக் குறைத்துக் காத்திருந்தால் எண்ணெய் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. நீர் சொட்டும் காயைக் காய்ந்த எண்ணெயில் போடாதீர்கள். நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தெறிக்கவிடும். துடைத்துவிட்டுப் போடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

புளி பின்னால்

காய் வதங்கி, தோல் சுருங்கிய பிறகுதான் புளிக்கரைசல் வருகிறது. நம் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது.

செங்கல் சுவரில் கல்லோடு கல்லை ஒட்டவைப்பது சாந்து. செடியில் செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் சாந்து பெக்டின். காய் வேகும்போது பெக்டின் சிதைந்து கரைகிறது, செல்கள் பிடி தளர்கின்றன, காய் மென்மையாகிறது. மேலும் வேகவைத்தால் கூழ்தான். ஆனால் ஓரளவு புளிப்பான நீரில் பெக்டின் சிதைவது மிகவும் மெதுவாகிவிடுகிறது. புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய இருக்கிறது. காய் எண்ணெயிலேயே முக்கால் பங்கு வெந்துவிட்டது. அதற்கு மேல் குழையாமல் புளி பிடித்து நிறுத்துகிறது. உள்ளே வெண்ணெய், வெளியே முழுக் காய்!

முதலிலேயே புளியை ஊற்றியிருந்தால்? காய் எளிதில் வேகாது. அடுப்பு வீணாக எரியும். சாம்பாரில் பருப்பு வெந்த பிறகே புளி சேர்ப்பதும் இதனால்தான். பொருள்கள் அதே, அளவும் அதே. வரிசையை மாற்றினால் விறகோ காஸோ கூடுதலாகச் செலவாகும். மாதக் கடைசியில் சிலிண்டர் தீரும் வீட்டில் இது சின்ன விஷயமா?

செய்து பாருங்கள்

நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஊதா நிறக் கத்தரிக்காய் ஒன்றைத் தோலோடு ஒரே அளவான துண்டுகளாக அரியுங்கள். மூன்று சிறு பாத்திரங்களில் ஒரே அளவு தண்ணீர் எடுங்கள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒரே தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறிய பின் ஒவ்வொரு துண்டையும் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். எது குழைகிறது? எது விறைத்து நிற்கிறது? குறித்துக்கொள்ளுங்கள்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். கத்தரித் தோலின் ஊதாவுக்குக் காரணம் நாசுனின் என்ற நிறமி. ஜப்பானிய மொழியில் கத்தரிக்காய்க்கு 'நாசு' என்று பெயர். ஜப்பானின் முன்னோடிப் பெண் வேதியியலாளர் சிக்கா குரோடா 1930-களில் இதை ஆராய்ந்தார். அமிலத்தில் இது சிவப்புப் பக்கம் சாயும். காரத்தில் நீலமும் பச்சையும் பக்கம் சாயும். இங்கே காரம் என்றது மிளகாயின் காரத்தை அல்ல, ஆப்பசோடாவின் காரத்தன்மையை!

எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று உங்கள் அம்மாவோ பாட்டியோ சொல்வது பெரும்பாலும் பலமுறை செய்து பார்த்துத் தேறிய முடிவு. பெக்டின் என்ற பெயர் தெரியாமலே அவர்கள் அதை ஆண்டு வருகிறார்கள். ஆகவே இன்று அடுப்படிக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை ஏன் இப்போது போடுகிறீர்கள்?" காரணம் கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். "எப்போதும் அப்படித்தான்" என்று பதில் வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை கிடைத்துவிட்டது.