பாலத்துக்கு அடியில் 15 லட்சம் வௌவால்கள்... பாட்டும் நீச்சலுமாக ஆஸ்டின்!

டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் எது என்று கேட்டால், ஹூஸ்டன், டல்லாஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். சரியான விடை, ஆஸ்டின். ஐ.டி. வேலையில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க அங்கே போகிற நம் ஊர் அப்பா, அம்மாக்களும் இப்போது அதிகம். மால், கோயில் என்று மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால் நஷ்டம்தான்!

முதலில் பார்க்க வேண்டியது வௌவால்கள். ஊருக்கு நடுவே இருக்கும் காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980-ல் புதுப்பித்தார்கள். அடியில் விடப்பட்ட குறுகலான இடுக்குகள் வௌவால்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட, லட்சக்கணக்கில் வந்து குடியேறின. வெறிநோய் பரவும் என்று ஊரே பயந்தது. அழித்துவிடச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அப்போது வௌவால் ஆராய்ச்சியாளர் மெர்லின் டட்டில் ஆஸ்டினுக்கே குடிவந்து, 'கையால் தொடாதவரை ஆபத்தில்லை, ராத்திரிக்கு டன் கணக்கில் பூச்சிகளைத் தின்கின்றன' என்று மக்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஊர் மனசு மாறியது. இன்று மார்ச் முதல் அக்டோபர் வரை, சூரியன் மறையும் நேரத்தில் பாலத்தின் மேல் கூட்டம் முண்டியடிக்கிறது. புகை கிளம்புவதுபோல அவை வெளியேறும் காட்சி ஆகஸ்ட்டில்தான் அமர்க்களம். ஜூனில் பிறந்த குட்டிகளும் சேர்ந்து பறக்கும். ஆகஸ்ட் வெயில் 38 டிகிரியைத் தொடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வெயிலுக்கு மருந்து பார்ட்டன் ஸ்பிரிங்ஸ். சில்கர் பூங்காவுக்குள் சுமார் 3 ஏக்கரில் ஊற்றுநீர்க் குளம். வருடம் முழுக்க 20, 21 டிகிரிதான். காலை வைத்ததும் உடம்பு சிலிர்த்துவிடும். பாசி வழுக்கும், கவனம். சுற்றிலும் கட்டடங்கள் பெருகி ஊற்று கெட்டுவிடுமோ என்று பதறிய மக்கள், 1992-ல் ஓட்டுப் போட்டே அதைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். இந்த ஊற்றுகளில் மட்டுமே வாழும் ஒரு குட்டி சாலமாண்டர் இனமும் இதனால் பிழைத்திருக்கிறது. வியாழக்கிழமை பகலில் சுத்தம் செய்ய மூடிவிடுவார்கள்.

பக்கத்தில் லேடி பேர்ட் ஏரியில் நீந்தத் தடை. துடுப்புப் படகு ஓட்டலாம். கரையோரம் சுமார் 16 கிலோமீட்டருக்கு நடைபாதை. சட்டமன்றக் கட்டடத்தை ஒரு மணி நேரத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம்.

இருட்டியதும் பாட்டு. 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்று 1991-லேயே ஆஸ்டின் தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டது. விமான நிலையத்தில்கூடக் கச்சேரி நடக்கும். சில்கர் பூங்காவில் அக்டோபரில் நடக்கும் பெரிய இசை விழாவுக்கு டிக்கெட் விலை அதிகம். சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டைவிட, 1955 முதல் நடக்கும் கான்டினென்டல் கிளப் போன்ற சின்ன அரங்குகளில்தான் ஊரின் உயிர் இருக்கிறது. 21 வயதாகாத பிள்ளைகளைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊர் வளர வளர வாடகையும் ஏறி, பாடுகிறவர்களுக்கே இங்கே வாழ்வது சிரமமாகிவிட்டது. குறைந்த வருமானமுள்ள கலைஞர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர 2005 முதல் தனி அமைப்பே இயங்குகிறது. டிக்கெட் இல்லாத இடங்களில் மேடையருகே ஒரு ஜாடி இருக்கும். பாட்டு பிடித்திருந்தால், கிளம்பும்போது அதில் சில டாலர்களைப் போட்டுவிட்டு வாருங்கள்.