அறுபது சீட்டுகளும் ஓர் அரிய சீட்டும்

தொழிற்சாலைப் பேருந்துகள் இரவு பகலாக ஆட்களை ஏற்றியிறக்கும் ஒரகடம் வட்டாரத்தில், வடக்குப்பட்டு முதலான ஊர்களில், சிறுவர் கையில் இப்போது ஒருவகை வண்ணச் சீட்டுகள் புழங்குகின்றன. ‘போக்கிமான்’ என்று அவற்றுக்குப் பெயர். மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஆலயத் தாழ்வாரத்திலேயே அவற்றைப் பரப்பி அமர்ந்துவிடும் பிள்ளைகளை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பெற்றோர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். “சாமி, இது சூதாட்டமா?” என்பது ஒன்று. “அரிய சீட்டு இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று பையன் அழுகிறானே, வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டுமா?” என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது: பணயம் வைத்து ஆடாதவரை விளையாட்டு சூதன்று, ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் பொட்டலம் பொட்டலமாக வாங்கிக் குவிப்பதில் சூதின் சாயல் உண்டு. இரண்டாம் கேள்விதான் விரிவாக ஆராயத்தக்கது. ஏனெனில், மிகைநேர வேலையில் தந்தை ஈட்டிய கூலி ஒரே மாலையில் வெற்று உறைகளாகக் குப்பையில் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

விளையாட்டின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். நம் பெரியவர்கள் ஆடும் ரம்மியிலும் முந்நூற்று நாலிலும் ஒரே கட்டிலிருந்து அனைவர்க்கும் சீட்டு பகிரப்படுகிறது. செல்வருக்கொரு கட்டு, ஏழைக்கொரு கட்டு என்பதில்லை. இப்புதிய விளையாட்டிலோ ஒவ்வொருவரும் தத்தம் கட்டைத் தாமே தேர்ந்தமைத்துக் கொண்டுவர வேண்டும். போக்கிமானில் ஒரு கட்டுக்குச் சரியாக 60 சீட்டுகள். ஒரே பெயருடைய சீட்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை ஆற்றல் சீட்டுகளுக்கு மட்டும் இவ்வரம்பு இல்லை. தொடக்கத்தில் ஏழு சீட்டுகளைக் கையில் எடுத்து, ஆறு சீட்டுகளைப் ‘பரிசு’ எனக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிராளியின் உயிரியை வீழ்த்துந்தோறும் தன் பரிசுச் சீட்டை ஒருவர் எடுத்துக்கொள்வார். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவர். சீட்டின் அடியில் வட்டக்குறி இருந்தால் அது சாதாரணச் சீட்டு. சாய்சதுரம் இருந்தால் அதற்கு அடுத்த நிலை. விண்மீன் இருந்தால் அரியது. இந்த விண்மீனுக்காகத்தான் இத்தனை கண்ணீரும்.

இங்கே ஒரு செய்தியைப் பெற்றோர் தவறாமல் அறிய வேண்டும். ஃபேன்சி ஸ்டோர்களில் பொன் தகடுபோல் மின்னும் சீட்டுப் பொட்டலங்கள் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை போலி. முறையான போட்டிகளில் ஏற்கப்படாதவை. அதுமட்டுமன்று. அவற்றில் ‘வீமேக்ஸ்’ என்னும் மாபெரும் உயிரிகளே நிறைந்திருக்கும். விதிப்படி வீமேக்ஸ் நேராகக் களமிறங்க முடியாது. அதற்குரிய ‘வீ’ வகை அடிப்படை உயிரி முன்னரே களத்தில் இருக்க வேண்டும். அடிப்படை உயிரி ஒன்றேனும் கையில் இல்லாதவன் ஆட்டத்தைத் தொடங்கவே இயலாது. எனவே பொன்மயமான அந்தக் கட்டை வைத்திருக்கும் சிறுவன், வட்டக்குறிச் சீட்டுகள் வைத்திருக்கும் பக்கத்துவீட்டுப் பையனிடம் தோற்பதற்குக்கூட வழியில்லை!

அரிய சீட்டின்றி வெல்ல முடியுமா என்பது இன்று நம் ஊரில் புதிதாக எழுந்த வினா அன்று. இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதனை வகுத்தவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணிதவியலார். அதன் முதல் தொகுப்பிலேயே ‘பிளாக் லோட்டஸ்’ என்ற அரிய சீட்டும் இருந்தது. ‘லைட்னிங் போல்ட்’ என்ற சாதாரணச் சீட்டும் இருந்தது. முன்னது இன்று சேகரிப்போர் பெருஞ்செல்வம் கொடுத்து வாங்கும் காட்சிப் பொருளாகிவிட்டது. பின்னதோ, மிகக் குறைந்த செலவில் மூன்று புள்ளி சேதம் விளைவிக்கும் எளிய சீட்டு, இன்றளவும் ஆடப்படுகிறது.

1996 இல் அட்லாண்டா நகரில் நடந்த தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் ஒரு கட்டைக் கொண்டுவந்தார். அதனை அமைத்துத் தந்தவர் ஜே ஷ்னைடர். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஏளனமாக ஒதுக்கிய மலிவான சிறு வீரர்களே அதில் பெரும்பாலும் நிறைந்திருந்தனர். ஆயினும் அது முன்னணிக்கு வந்தது. எப்படி? அவ்விளையாட்டில் ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டுதான் இறக்கலாம். ஆகவே முதல் முறையில் ஒரு பங்கு ஆற்றல், இரண்டாம் முறையில் இரண்டு, மூன்றாம் முறையில் மூன்று எனப் படிப்படியாகவே கிடைக்கும். ஆறு பங்கு ஆற்றல் கேட்கும் பெருவீரனைக் கையில் வைத்திருப்பவன் ஐந்து முறை வாளாவிருக்க வேண்டும். ஷ்னைடரோ, முதல் முறைக்கு ஒன்று, இரண்டாம் முறைக்கு ஒன்று என ஒவ்வொரு முறையும் கிடைக்கும் ஆற்றல் சிறிதும் வீணாகாதபடி சீட்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அடுக்கியிருந்தார். எதிராளியின் பெருவீரன் எழுந்து நிற்பதற்குள் ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிடும். கட்டமைப்புக் கலையில் இதுவே ஒரு திருப்புமுனை என்று கூறலாம்.

பின்னர்ச் சாதாரணச் சீட்டுகளை மட்டுமே கொண்டு ஆடும் ஒரு தனி முறையும் எழுந்தது. அதற்குப் ‘பாப்பர்’, அதாவது வறியவர், என்றே பெயர். 2008 இல் கணினிவழி ஆட்டத்திலும், 2019 இல் நேர்முக ஆட்டத்திலும் நிறுவனத்தாரே அதனை முறையாக ஏற்றனர். இதில் நமக்கு மிகவும் சுவையான செய்தி ஒன்று உண்டு: சாதாரணச் சீட்டுகளுள்ளும் சில அளவுக்கு மீறி வலிமை பெற்றுவிட்டமையால் அவற்றைத் தடை செய்ய நேர்ந்தது. அரிதாக அச்சிடப்படுவது ஒன்று. வலிமையாக இருப்பது வேறொன்று. அச்சகத்தார் எத்தனை படி அச்சிட்டனர் என்பதைத்தான் விண்மீன் சொல்கிறது.

நம் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை குறைவு. விலையுயர்ந்த என்ஜின் வந்து நின்றும், சில ரூபாய் பெறும் ஒரு போல்ட்டு வராமையால் லைன் முழுதும் நின்றுபோன கதையை அவர்களே நமக்குச் சொல்லியிருக்கின்றனர். (வடக்குப்பட்டு மண்ணுக்கே இது பழைய பாடம் போலும். 2022 இல் தொல்லியல் துறையினர் இவ்வூரில் அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. 1863 இல் பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் கண்டெடுத்ததும் கற்கருவியே. கிடைத்த கல்லைச் செதுக்கிப் பயன்கொண்ட மக்கள் வாழ்ந்த நிலம் இது.)

இனிக் கணக்கிற்கு வருவோம். பள்ளியில் நிகழ்தகவு படிக்கும் பிள்ளைகள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். அறுபது சீட்டுகளுள் ஒரே ஓர் அரிய சீட்டு இருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் ஏழினுள் அது வருவதற்கு வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 12. கவிழ்த்து வைத்த பரிசுச் சீட்டுகளுள் அது சிக்கிக் கிடப்பதற்கோ 100க்கு 10. அஃதாவது, அரும்பாடுபட்டு வாங்கிய அந்தச் சீட்டு கைக்கு வருவதும் எட்டாமற் கிடப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிகழக்கூடியவை. அதே இடத்தில் ஒரு சாதாரணச் சீட்டை நான்கு படி வைத்தால் தொடக்கக் கையில் ஒன்றேனும் வருவதற்கு 100க்கு 40. ஒரே பணியைச் செய்யும் சீட்டுகள் எட்டு இருந்தால் 65. பன்னிரண்டு இருந்தால் 81. இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால், அடிப்படை உயிரிகள் நான்கே வைத்திருக்கும் சிறுவன் ஏன் பத்து ஆட்டத்தில் ஆறில் கையைக் காட்டிவிட்டு மறுபடியும் கலைத்துப் போட வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும். அவ்வாறு கலைக்குந்தோறும் எதிராளிக்கு ஒரு சீட்டு கூடுதலாக எடுக்கும் உரிமை வேறு!

ஆகையால், பத்துவகை வீரர்களை ஒவ்வொன்றாக அடுக்குவதைவிட, இரண்டு மூன்று வகைகளை நந்நான்காக வைப்பதே முறை. நம் பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. தம்மிடமுள்ள அழகான சீட்டுகள் அனைத்தையும் உள்ளே திணிக்கவே விரும்புகின்றனர். திருவிழாத் தேரில் எல்லாருமே ஏறிக்கொண்டால் வடம்பிடிப்பார் யார்?

வடம்பிடிப்பவை துணைச் சீட்டுகள். சிறுவர் இவற்றைச் சற்றும் மதிப்பதில்லை; ஆனால் தேர்ந்தோர் கட்டுகளில் பெரும்பாலும் பாதிக்கு மேல் இவையே. ‘நெஸ்ட் பால்’ கட்டிலிருந்து ஓர் அடிப்படை உயிரியைத் தேடிக் களத்தில் இறக்கும். ‘அல்ட்ரா பால்’, கையிலுள்ள இரு சீட்டுகளைக் கழித்தால், எந்த உயிரியையும் தேடித் தரும். ‘புரொஃபசர்ஸ் ரிசர்ச்’ கையைக் கழித்துவிட்டு ஏழு புதிய சீட்டுகளை அளிக்கும். நான்கு நெஸ்ட் பால் வைத்திருப்பவன் தன் அடிப்படை வீரனை நான்கல்ல, எட்டுப் படி வைத்திருப்பவனுக்கு ஒப்பாவான். பெரிய பையன்கள் பளபளப்பான ஒரு சீட்டைக் காட்டிச் சிறியவர்களிடமிருந்து இத்தகைய துணைச் சீட்டுகள் நாலைந்தைக் கவர்ந்துகொள்வதை நாம் பார்த்து வருந்தியிருக்கிறோம். எது பயன்படும் என்று பெரியவன் அறிந்திருக்கிறான், சிறியவன் அறியவில்லை. பெற்றோர் தடுக்க வேண்டியது விளையாட்டை அன்று, இந்த வாணிபத்தை.

அரிய சீட்டுக்கு விதியிலேயே ஒரு விலை வைக்கப்பட்டிருப்பதும் பலர் கவனியாத உண்மை. சாதாரண உயிரி வீழ்ந்தால் எதிராளிக்கு ஒரு பரிசு. ‘இஎக்ஸ்’, ‘வீ’ முதலிய பெருவகைகள் வீழ்ந்தால் இரண்டு. வீமேக்ஸ் வீழ்ந்தால் மூன்று. எனவே ஒரு பரிசு தரும் சிறு உயிரிகளால் ஆடுபவனை ஆறுமுறை வீழ்த்தியாக வேண்டும். அவனோ மூன்று பெருவீரர்களைச் சாய்த்தால் போதும். இதற்குச் சிறந்த சான்று ‘நைட் மார்ச்’ என்னும் கட்டு. 2014 நவம்பரில் வந்த தொகுப்பில் ஜோல்டிக், பம்ப்கபூ, லாம்பெண்ட் என்று மூன்று உயிரிகள். விண்மீன் குறி எதற்கும் இல்லை. ஜோல்டிக்கின் உயிர்ப்புள்ளி வெறும் 30, ஊதினாலே விழும். ஆனால் கழித்த குவியலில் இம்மூவகையைச் சேர்ந்த சீட்டு எத்தனை கிடக்கிறதோ, அத்தனைக்கும் தலா 20 சேதம் விளைவிக்கும் தாக்குதல் இவற்றுக்கு உண்டு. வகைக்கு நான்காகப் பன்னிரண்டு வைத்து, ‘பேட்டில் கம்ப்ரெசர்’ என்ற துணைச் சீட்டால் மும்மூன்றாகக் கழித்து, ஒன்பது சேர்ந்துவிட்டால் சேதம் 180. அந்நாளைய இஎக்ஸ் உயிரிகள் பலவற்றுக்கு உயிர்ப்புள்ளி 170 அல்லது 180 தான். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் பெரும் போட்டிகளில் எல்லாரும் அஞ்சிய கட்டு இது.

ஆயினும் உண்மையை முழுதும் சொல்லிவிடுவோம். அக்காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இதே கட்டில் ‘ஷேமின் இஎக்ஸ்’ என்ற விலைமிக்க அரிய சீட்டையும் சேர்த்துக்கொண்டனர். கையில் ஆறு சீட்டு ஆகும்வரை எடுத்துக்கொள்ள அது உதவியது. பெரும் போட்டியின் உச்சியில் நிற்க விரும்புவோர்க்கு ஓரிரு அரிய சீட்டுகள் தேவைப்படுவதை மறுப்பதற்கில்லை. ஊர்ப் பிள்ளைகள் தம்முள் ஆடவும், நகரத்துப் போட்டியில் நாணாமல் அமரவும் அவை தேவையில்லை என்பதே நம் கருத்து.

வாங்கியே ஆக வேண்டும் என்னும் பெற்றோர்க்குச் சில சொற்கள். உள்ளிருப்பது அறியாப் பொட்டலத்தைத் தவிர்த்து, அறுபது சீட்டும் இன்னின்னவை என்று அறிந்து வாங்கும் ஆயத்தக் கட்டை வாங்குங்கள். இரண்டு குடும்பத்தார் ஒரே கட்டை ஆளுக்கொன்று வாங்கித் துணைச் சீட்டுகளைத் தம்முள் மாற்றிக்கொண்டால் நந்நான்கு படி சேர்ப்பது எளிது. ஒரே சீட்டே எளிய ஓவியத்துடனும் ஆடம்பர ஓவியத்துடனும் வருவதுண்டு. ஆட்டத்தில் இரண்டும் ஒன்றே. மேலும், முதன்மைப் போட்டி முறையில் சீட்டுகள் சில ஆண்டுகளே செல்லும். அடியிலுள்ள சிறிய எழுத்துக்குறி பழையதானால் அவை விலக்கப்படும். அடிப்படை ஆற்றல் சீட்டுகளோ என்றும் செல்லும்.

கட்டு அமைந்தபின் ஆட எதிராளியைத் தேடுமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நன்றாகக் கலைத்து, ஏழு சீட்டு எடுத்து, களமிறக்க உயிரி உண்டா, அடுத்த சீட்டைத் தேட வழி உண்டா, ஆற்றல் சீட்டு உண்டா என்று நோட்டுப் புத்தகத்தில் குறிக்கட்டும். இருபது முறை இவ்வாறு செய்தால் எது குறைகிறது, எது மிகுகிறது என்று தெரிந்துவிடும். ஒருமுறைக்கு இரண்டு சீட்டுக்கு மேல் மாற்ற வேண்டாம். மாற்றியபின் மீண்டும் இருபது முறை. கையில் வந்தும் களமேறாமல் முடங்கிக் கிடந்த சீட்டு எதுவென்று எண்ணிப் பார்க்கையில், பெரும்பாலும் அதன் அடியில் ஒரு விண்மீன் இருக்கும்.