மேசையில் இல்லாத பெயர்

பிரான்ஸ் நாட்டின் வேர்சாய் அரண்மனையில் ஓர் எழுத்து மேசை இருக்கிறது. பதினைந்தாம் லூயி மன்னனுக்காகச் செய்யப்பட்டது. 1760 இல் தொடங்கிய வேலை 1769 இல்தான் முடிந்தது. ஒரு மேசைக்கு ஒன்பது வருடங்களா என்று நீங்கள் கேட்கலாம். அதன் வேலைப்பாட்டை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது.

அக்காலத்தில் பொம்பேய் போன்ற பழைய உரோம நகரங்கள் தோண்டி எடுக்கப்பட்டதால், பிரான்சில் வளைவு நெளிவான தளபாடங்களை விட்டு நேர்கோட்டு வடிவங்களை விரும்பும் புதிய ரசனை வளர்ந்து வந்தது. இந்த மேசை அந்த மாற்றத்தின் நடுவே பிறந்தது.

பலமான மரத்தில் கூடு செய்து, அதன்மேல் பல நிற மரத்தகடுகளைப் பூவாகவும் இலையாகவும் வெட்டி ஒட்டினார்கள். நிழல் விழுவதுபோலத் தெரிவதற்குத் துண்டின் ஓரத்தைச் சூடான மணலில் வாட்டி எடுப்பது அன்றைய வழக்கம். வெண்கல அலங்காரங்களுக்குப் பாதரசத்தில் கலந்த பொன்னைப் பூசிச் சூடாக்குவார்கள். அந்தப் புகை தொழிலாளரின் உடலைக் கெடுத்தது. மேசையின் மூடி சுருண்டு உள்ளே போகும். ஒரே திறப்பால் மூடியும் லாச்சிகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

இதைத் தொடங்கியவர் ஓபென் என்ற தச்சர். 1763 இல், வேலை பாதியில் நிற்க, கடனையும் விட்டுவிட்டு அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி பிரான்சுவாஸ் மார்கரித் தானும் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். கைம்பெண் கணவரின் பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம் என்று பாரிஸ் தச்சர் சங்கத்தின் விதி இடங்கொடுத்தது. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு அவர் பட்டறையை மூடாமல் காத்தார். அங்கே வேலை செய்த ரீஸ்னர் என்பவர் வேலைகளைக் கவனித்தார். 1767 இல் இருவரும் திருமணம் செய்தார்கள். 1768 இல் ரீஸ்னர் தேர்ச்சி பெற்ற தச்சராகச் சங்கத்தில் சேர்ந்தார். மறுவருடம் மேசை முடிந்தது.

அந்த இடைக்காலத்தில் பட்டறையிலிருந்து போன தளபாடங்களில் இறந்த கணவரின் முத்திரையே குத்தப்பட்டது. மன்னனின் மேசையில் இருப்பது ரீஸ்னரின் கையொப்பம். பட்டறையைக் காப்பாற்றிய பெண்ணின் பெயர் எதிலும் இல்லை.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதை வெறும் பழங்கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை. கணவரை இழந்தபின் கடையையும் தோட்டத்தையும் தையலையும் கொண்டு பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளை நான் தினமும் சந்திக்கிறேன். கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர்களும் அவர்களுள் உள்ளனர். உழைப்பு அவர்களுடையது. காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கின்றன. சிலர் இடித்துக் கொடுக்கும் மிளகாய்த்தூள் வேறொருவரின் பெயர் ஒட்டிய பொதியில் சந்தைக்குப் போகிறது.

பிரான்சுவாஸ் மார்கரித்துக்குக் கைகொடுத்தது எழுதப்பட்ட ஒரு விதி. எங்களுக்கும் எழுத்து வேண்டும் சகோதரிகளே. உங்கள் சுயதொழிலை உங்கள் பெயரில் பதிவு செய்வது எப்படி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் நாலுபேர் சேர்ந்து போங்கள். கொடுக்கும் சரக்குக்கு உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். நாளை ஒரு கடனுக்கோ உரிமைக்கோ நீங்கள் போய் நிற்கும்போது, உங்கள் உழைப்புக்குச் சாட்சி சொல்ல அந்தத் துண்டுக் காகிதம் வேண்டியிருக்கும்.